டெல்டாவில் பெண்கள் கூடைப்பந்து லீக்: ஸ்பெயின் முறையில் ஒரு சீசன் நடத்துவது எப்படி

நம் பக்கத்தில் பெண்கள் கூடைப்பந்து என்றால் டோர்னமென்ட்தான். மூன்று நாள், நாக்-அவுட், கடைசி நாள் கோப்பையும் சால்வையும். முதல் ஆட்டத்தில் தோற்ற அணி அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடும். பலமான அணிக்கு ஆட்டம் மேல் ஆட்டம் கிடைக்கிறது. ஆடிப் பழக வேண்டிய அணிக்கு ஒன்றோடு முடிந்துபோகிறது. தோற்ற அணியும் அடுத்த வாரம் ஆட வேண்டும். லீக் சீசனின் பயன் முழுக்க இதில்தான் இருக்கிறது.

இதற்கு நல்ல மாதிரி ஸ்பெயினின் பெண்கள் கூடைப்பந்து லீக்கான லிகா ஃபெமெனினா. அங்கே 2020-21 முதல் 16 அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற 15 அணிகளோடும் சொந்த ஊரில் ஒரு முறை, எதிரணியின் ஊரில் ஒரு முறை ஆடும். ஆளுக்கு 30 ஆட்டம், மொத்தம் 240. அக்டோபரில் தொடங்கி அடுத்த கோடை நெருங்கும்வரை வாராவாரம் நடக்கும். முதல் 8 இடங்கள் பிளே-ஆஃப் போகும், கடைசி 2 அணிகள் கீழ்ப்பிரிவுக்கு இறங்கும். ஆனால் கடைசியில் நிற்கும் அணியும் 30 ஆட்டம் ஆடித்தான் சீசனை முடிக்கும். சலமாங்கா, வலென்சியா போன்ற ஊர்களின் பெரிய கிளப்புகளோடு, பிரனீஸ் மலைக்குள் இருக்கும் லா சேவு துர்ஜெல், பாஸ்க் பகுதியின் கெர்னிகா போன்ற சிற்றூர்களும் இதே லீக்கில் பல சீசன் ஆடியிருக்கின்றன. மக்கள்தொகையில் இரண்டுமே மன்னார்குடியைவிட மிகச் சிறியவை. ஆகவே ஊர் சின்னது என்பதை யாரும் காரணமாகச் சொல்ல வேண்டியதில்லை.

எத்தனை அணி, யார் யார்

முதல் வருஷம் 6 அணிக்கு மேல் வேண்டாம். 6 அணி என்றால் 10 சுற்று, 30 ஆட்டம். 8 ஆக்கினால் 14 சுற்று, 56 ஆட்டம் ஆகிவிடும். நம் பள்ளித் தேர்வுகளுக்கும் மழைக்கும் நடுவில் 14 வாரக்கடைசிகளைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. உதாரணமாக இப்படி எண் கொடுத்துக்கொள்வோம்: 1 தஞ்சாவூர், 2 கும்பகோணம், 3 மன்னார்குடி, 4 மயிலாடுதுறை, 5 பட்டுக்கோட்டை, 6 திருவாரூர். இவை மூன்று மாவட்டங்களில் வருகின்றன. மூன்று மாவட்டக் கூடைப்பந்துக் கழகங்களுக்கும் மே மாதத்திலேயே எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் வாங்கிவிடுங்கள். காரைக்காலைச் சேர்க்க ஆசை வரும். அது புதுச்சேரி யூனியன் பிரதேசம், கழகமே வேறு. முதல் வருஷம் அதைத் தொட வேண்டாம்.

அணி என்பது ஒரு பள்ளியாகவோ கல்லூரியாகவோ இருக்க வேண்டியதில்லை, ஊர் அணியாக இருப்பதே நல்லது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளையும் கல்லூரி முடித்து வேலைக்குப் போகிறவரும் ஒரே ஜெர்சியில் ஆட வேண்டும். பள்ளி முடிந்ததும் பந்தைக் கீழே வைத்துவிடும் பெண்கள் நம்மிடம் ஏராளம். அவர்களைத் திரும்பக் கொண்டுவர ஊர் அணியைவிடச் சிறந்த வழி இல்லை.

ஒவ்வொரு அணியும் 15 பேரைப் பதிவு செய்யலாம், ஆட்டத்துக்கு 12 பேர். பதிவை மூன்றாம் சுற்றுக்கு முன் மூடிவிடுங்கள். அதோடு, லீக்கில் குறைந்தது 3 ஆட்டம் ஆடியவர் மட்டுமே அரையிறுதியில் ஆடலாம் என்று விதி போடுங்கள். இது இல்லையென்றால் அரையிறுதிக்கு முந்தின நாள் வெளியூரிலிருந்து கெஸ்ட் பிளேயர் இறங்குவார். ஐந்து மாதம் வாரந்தவறாமல் பயிற்சிக்கு வந்த பெண் பெஞ்சில் உட்காருவாள், அடுத்த வருஷம் வரமாட்டாள்.

நாட்காட்டி

ஸ்பெயினின் அக்டோபர் தொடக்கம் நமக்கு ஒத்துவராது. அவர்கள் உள்ளரங்கில் ஆடுகிறார்கள். நம்முடையது திறந்தவெளி சிமென்ட் கோர்ட். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சீசனை இரண்டாகப் பிளந்துவிடுங்கள்: ஜூலை-ஆகஸ்டில் 7 சுற்று, பொங்கலுக்குப் பிறகு 3 சுற்று. சரிபாதியாகப் பிரித்து ஜனவரி-பிப்ரவரியில் 5 சுற்று வைத்தால் பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் போய் முட்டும்.

ஜூலையில் நான்கு ஞாயிறு, நான்கு சுற்று. ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 2 அல்லது 3-இல் வரும். அந்த வாரம் விடுமுறை. காவிரிக்கரைச் சாலை எதிலும் பஸ் நேரத்துக்குப் போகாது. அடுத்த ஞாயிறு ஐந்தாம் சுற்று. அது முடியும்போது எல்லா அணியும் எல்லா அணியோடும் ஒருமுறை ஆடியிருக்கும். ஸ்பெயினில் ராணி கோப்பை என்ற நாக்-அவுட் போட்டிக்கான அணிகளைச் சீசனின் முதல் பாதி அட்டவணையை வைத்துத்தான் எடுக்கிறார்கள். நாமும் அப்படியே முதல் 4 அணிகளைச் சுதந்திர தின வாரத்தில் ஓர் ஊருக்கு அழைத்து இரண்டு நாள் கோப்பை நடத்தலாம். டோர்னமென்ட் பார்த்துப் பழகிய ஊர்க்காரர்களுக்கும் திருப்தியாக இருக்கும். மீதி இரண்டு ஞாயிறுகளில் 6, 7-ஆம் சுற்றுகள். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, பிறகு மழை.

குறுவட்ட, மாவட்டப் பள்ளிப் போட்டிகளின் தேதியும் முதலமைச்சர் கோப்பைத் தேதியும் வந்தவுடன் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மோதினால் நகர வேண்டியது நம் ஆட்டம்தான்.

ஆட்ட அட்டவணை

முதலில் எழுதியிருப்பது சொந்த ஊர் அணி.

சுற்று 1: 1-6, 2-5, 3-4
சுற்று 2: 6-4, 5-3, 1-2
சுற்று 3: 2-6, 3-1, 4-5
சுற்று 4: 6-5, 1-4, 2-3
சுற்று 5: 3-6, 4-2, 5-1

இரண்டாம் பாதிக்கு இதையே ஊர் மாற்றி அதே வரிசையில் போடுவதுதான் எல்லாரும் செய்வது. செய்து பாருங்கள்: தஞ்சாவூர் 5, 6, 7 என்று தொடர்ந்து மூன்று சுற்று வெளியூர் போகும், மயிலாடுதுறை அதே மூன்று சுற்றும் சொந்த ஊரில் உட்கார்ந்திருக்கும். மூன்று வாரம் விடாமல் பயணம் என்றால் வீட்டில் அனுமதி கேட்பதே பெண்களுக்குச் சிரமமாகிவிடும். வரிசையை மாற்றிப் போட்டால் இது தீர்ந்துவிடும்:

சுற்று 6: 6-2, 1-3, 5-4
சுற்று 7: 4-6, 3-5, 2-1
சுற்று 8: 6-1, 5-2, 4-3
சுற்று 9: 6-3, 2-4, 1-5
சுற்று 10: 5-6, 4-1, 3-2

இப்போது எந்த அணிக்கும் இரண்டு சுற்றுக்கு மேல் தொடர்ந்து சொந்த ஊரோ வெளியூரோ வராது. இன்னொரு வசதியும் உண்டு. ஏழாம் சுற்று ஆகஸ்ட் கடைசியில் விழும். 29-ஆம் தேதி வேளாங்கண்ணியில் கொடியேற்றம். தஞ்சாவூர்-நாகப்பட்டினம் சாலை முழுக்க நடைபயணப் பக்தர்கள். அந்தச் சுற்றில் திருவாரூரில் ஆட்டம் இல்லை, திருவாரூர் அணி மயிலாடுதுறை போகிறது. எண்களை ஊர்களுக்கு ஒதுக்கும்போது இப்படித் திருவிழாவையும் தேரையும் பார்த்து ஒதுக்குங்கள், குலுக்கல் போடாதீர்கள்.

பத்தாம் சுற்றின் மூன்று ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். இல்லையென்றால் கடைசியாக ஆடும் அணி, தனக்கு எத்தனை புள்ளி வித்தியாசம் தேவை என்பதைத் தெரிந்துகொண்டு இறங்கும்.

நேரமும் பயணமும்

10 நிமிடக் கால்பகுதி நான்கு, நடுவில் 15 நிமிட இடைவேளை, டைம்-அவுட்டுகள் எல்லாம் சேர்ந்து ஓர் ஆட்டத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஜூலை, ஆகஸ்டில் மாலை 4 மணிக்குத் தொடக்கம். அதற்கு முன் சிமென்ட் தரை ஷூவுக்குள்ளேயே சுடும். ஜனவரியில் 3.30. தை மாதம் இருட்டியதும் பனி இறங்கும், சிமென்டில் அது கண்ணுக்குத் தெரியாது. முழங்கால் திருகுவது பெரும்பாலும் அந்த ஈரத்தில்தான். விளக்கு இருக்கிறது என்பதற்காக ஜனவரி ஆட்டத்தை 7 மணிக்குத் தள்ளாதீர்கள்.

மயிலாடுதுறைக்கும் பட்டுக்கோட்டைக்கும் இடையில்தான் மிக நீண்ட பயணம். 3-ஆம் சுற்றிலும் 6-ஆம் சுற்றிலும் வரும் அந்த இரண்டு ஆட்டத்தை மட்டும் காலை 10 மணிக்கு வைத்து, வேன் பேசிவிடுங்கள். மற்ற ஊர்களுக்கு பஸ்ஸும் ரயிலும் போதும். பெண்களுக்குக் கட்டணமில்லாத பயணம் சாதாரண நகரப் பேருந்தில் மட்டும்தான், ஊர்விட்டு ஊர் போகும் புறநகர் பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டும். கணக்குப் போடும்போது பலர் இதை மறக்கிறார்கள். ஒவ்வொரு அணிக்கும் 5 வெளியூர்ப் பயணம். அந்தச் செலவை அணிகள் தனித்தனியாகச் சுமக்காமல் பொது நிதியிலிருந்து கொடுங்கள்; இல்லையென்றால் ஓரத்து ஊர்தான் அதிகம் செலவழித்து முதலில் விலகும்.

ஆட்ட நேரம் தாண்டி 15 நிமிடத்துக்குள் ஆடத் தயாராக 5 பேர் கோர்ட்டில் இல்லாவிட்டால் சர்வதேச விதிப்படி ஆட்டம் எதிரணிக்குப் போய்விடும்: 20-0, வராத அணிக்கு அட்டவணைப் புள்ளி 0. ரயில்வே கேட்டில் பஸ் நின்றது என்பது காரணமாகாது. ஒரு மணி நேரம் முன்பே ஊர் போய்ச் சேரும்படி கிளம்புங்கள்.

அணியோடு ஒரு பெண் மேலாளரோ பி.டி. டீச்சரோ கட்டாயம் வர வேண்டும். சொந்த ஊர் அணி, பூட்டு உள்ள உடைமாற்றும் அறையும் தண்ணீர் வரும் கழிப்பறையும் தர வேண்டும். அறையில் நாப்கினும் மூடியுள்ள குப்பைத்தொட்டியும் இருக்கட்டும். ஆட்டத்துக்கு 20 லிட்டர் தண்ணீர் கேன் நான்கு, ஐஸ் ஒரு பெட்டி. இவற்றை விருந்தோம்பல் என்று விட்டுவிடாமல் விதியாக எழுதுங்கள். ஒரு வகுப்பறையைக் காட்டி 'இங்கேயே மாத்திக்கோங்கம்மா' என்று சொல்லும் ஊருக்கு அடுத்த முறை பாதிப் பேர்தான் வருவார்கள்.

தலையை மறைத்து ஆட விரும்பும் பெண்களுக்குத் தடை இல்லை. சர்வதேசக் கூட்டமைப்பு 2017-இல் விதியைத் திருத்தியது: முகம் மறையக் கூடாது, கழுத்தருகே கொக்கியோ ஊசியோ இருக்கக் கூடாது, துணி தொங்கக் கூடாது. உள்ளே முழுக்கை, முழுக்கால் உடையும் அணியலாம். நிறத்தை மட்டும் அணி முழுக்க ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர்ப் பக்கத்துப் பிள்ளைகளிடமும் அவர்கள் பெற்றோரிடமும் இதைப் பதிவின்போதே சொல்லுங்கள். தெரியாததாலேயே விளையாட வராதவர்கள் உண்டு.

கோர்ட்டை அளப்பது

நம் பள்ளிகளின் பழைய கோர்ட் பலவற்றில் இன்னும் வளையத்துக்குக் கீழே சரிவகக் கட்டமும் 6.25 மீட்டர் மூன்று-புள்ளிக் கோடும் இருக்கின்றன. இரண்டும் 2010-லேயே மாறிவிட்டன. சொந்த ஊரில் 6.25-இல் எறிந்து பழகிய பெண்ணுக்கு வெளியூரில் அந்த அரை மீட்டர் போதும், பந்து வளையத்துக்கு முன்னாலேயே விழும். எல்லா ஊரிலும் ஒரே அளவு இருக்க ஜூன் மாதமே கோடு போட்டுவிடுங்கள்.

முழு அளவு 28 × 15 மீட்டர். இறுதிக்கோட்டின் உள் ஓரத்திலிருந்து 1.575 மீட்டர் உள்ளே, வளையத்தின் நடுவுக்கு நேர் கீழே, ஒரு ஆணி அடியுங்கள். அதில் கயிறு கட்டி 6.75 மீட்டரில் வில் போடுங்கள். அதுவே மூன்று-புள்ளிக் கோட்டின் வெளி ஓரம். பக்கக்கோட்டின் உள் ஓரத்திலிருந்து 0.90 மீட்டரில் இறுதிக்கோட்டிலிருந்து நேர்கோடு இழுத்து வில்லோடு சேருங்கள். ஃப்ரீ த்ரோ கோட்டின் தூர ஓரம் இறுதிக்கோட்டிலிருந்து 5.80 மீட்டர், கட்டத்தின் அகலம் 4.90 மீட்டர், செவ்வகம். பழைய கோட்டைச் சாம்பல் நிறத்தால் முழுக்க அழியுங்கள். இரண்டு கோடு தெரிந்தால் நடுவரே குழம்புவார்.

வளையம் 3.05 மீட்டர் உயரம். பிள்ளைகள் தொங்கித் தொங்கி முன்பக்கம் இறங்கியிருக்கும். முன் ஓரத்திலும் பின் ஓரத்திலும் தனித்தனியாக அளந்து பாருங்கள். பந்து 6-ஆம் எண். பையன்களின் 7-ஆம் எண் பந்தைக் கொடுத்துப் பெண்களை ஆடவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கைப்பிடியும் எறியும் விதமும் அதில் கெடும். தோல் பந்து சிமென்டில் சீக்கிரம் தேய்ந்துவிடும். ரப்பர் அல்லது காம்போசிட் வாங்கி, 6 ஊருக்கும் ஒரே மாடலைக் கொடுங்கள்.

மேஜையும் நடுவரும்

ஆட்டத்துக்கு நடுவர் இருவர், இருவரும் ஆடும் இரண்டு ஊரையும் சேராதவர்கள். லீக் 30, கோப்பை 3, அரையிறுதியும் இறுதியும் 3, ஆக 36 ஆட்டம். நடுவர் சம்பளம் 72 தடவை. பட்ஜெட்டின் பெரிய செலவு இதுதான், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

மேஜையில் ஸ்கோரர், உதவி ஸ்கோரர், நேரக் காப்பாளர், 24 விநாடிக்கு ஒருவர். நம் போட்டிகளில் கருவி இல்லை என்று, பந்து கிடைத்த அணி 24 விநாடிக்குள் எறிய வேண்டும் என்ற விதியையே விட்டுவிடுவார்கள். அப்போது முன்னிலையில் இருக்கும் அணி கடைசி ஐந்து நிமிடம் பந்தை வைத்துக்கொண்டே நிற்கும், ஆட்டம் செத்துவிடும். கருவி இல்லாவிட்டால் ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு ஹார்ன் போதும். கடைசி 10 விநாடியை உரக்க எண்ணட்டும். பந்து கை மாறினால் 24. எறிந்து வளையத்தில் பட்டு அதே அணிக்கே திரும்பினால் 14. எதிரணி தன் பாதியில் ஃபவுல் செய்தால், மீதம் 14-க்குக் குறைவாக இருந்தால் மட்டும் 14 ஆக்க வேண்டும், இல்லையென்றால் இருப்பதே தொடரும். இந்த மூன்றாவதில்தான் தகராறு வரும். முதல் சுற்றுக்கு முன் ஒருநாள் எல்லா ஊர் மேஜைக்காரர்களையும் தஞ்சாவூருக்கு வரவழைத்துப் பழக்கிவிடுங்கள்.

புள்ளி அட்டவணை

வெற்றிக்கு 2, தோல்விக்கு 1, ஆட வராவிட்டால் 0. 7 வெற்றி, 3 தோல்வி என்றால் 17.

சமநிலை வந்தால் மொத்தப் புள்ளி வித்தியாசத்தை முதலில் பார்ப்பது இங்கே வழக்கம். அது தவறு, கெடுதலும்கூட. பலமான அணி கடைசி அணியை 90-12 என்று அடித்து வித்தியாசம் சேர்க்கப் பார்க்கும். அப்படி நசுங்கிய அணி அடுத்த வாரம் எட்டுப் பேரோடுதான் வரும். சர்வதேச விதியின் வரிசை வேறு: சமநிலையில் உள்ள அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் வெற்றி தோல்வி, பிறகு அந்த ஆட்டங்களின் புள்ளி வித்தியாசம், பிறகு அவற்றில் எடுத்த புள்ளிகள், அதன் பிறகே மொத்த ஆட்டங்களின் வித்தியாசம்.

ஒரு கணக்கு: கும்பகோணம் சொந்த ஊரில் மன்னார்குடியை 58-50 என்று வென்றது, மன்னார்குடியில் 48-55 என்று தோற்றது. ஆளுக்கு ஒரு வெற்றி, கும்பகோணத்துக்கு 1 புள்ளி மிச்சம். இருவரும் 17-இல் நின்றால் கும்பகோணமே மேலே, மன்னார்குடியின் மொத்த வித்தியாசம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சரி. ஆகவே இரண்டாம் ஆட்டத்தில் தோல்வி உறுதியான பிறகும் 7-இல் தோற்பதா 9-இல் தோற்பதா என்பதற்கு ஆட வேண்டியிருக்கிறது. பயிற்சியாளர் முதல் ஆட்ட வித்தியாசத்தைத் தாளில் எழுதி பெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்பெயின் அணிகள் கடைசி விநாடி வரை விடாமல் ஆடுவதில் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்குண்டு.

மூன்று அணி சமமானால் அந்த மூன்றும் தங்களுக்குள் ஆடிய 6 ஆட்டத்தை மட்டும் வைத்துச் சிறு அட்டவணை போடுங்கள். ஒரு அணி பிரிந்துவிட்டால், மீதி இரண்டுக்கும் முதல் விதியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். பாதியில் நிறுத்தி மூன்றாம் விதிக்குத் தாவுவதுதான் பொதுவான பிழை.

ஸ்கோர் ஷீட்டைப் படமெடுத்து அன்று இரவு 8 மணிக்குள் லீக் செயலருக்கு அனுப்ப வேண்டும், மறுநாள் காலை அட்டவணை எல்லா அணிக்கும் போய்விட வேண்டும். அதோடு ஒவ்வொரு சுற்றுக்கும் சிறந்த வீராங்கனையை அறிவியுங்கள். ஸ்பெயினில் இதற்கு ஒரு மதிப்பீட்டுக் கணக்கு உண்டு: எடுத்த புள்ளி, ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடித்தது), அசிஸ்ட் (புள்ளி எடுக்கக் கொடுத்த பாஸ்), ஸ்டீல் (எதிரணியிடம் பறித்த பந்து), பிளாக் (தடுத்த ஷாட்), வாங்கிய ஃபவுல் ஆகியவற்றைக் கூட்டுங்கள், தவறிய ஷாட், தவறிய ஃப்ரீ த்ரோ, இழந்த பந்து, தன் ஷாட் தடுக்கப்பட்டது, செய்த ஃபவுல் ஆகியவற்றைக் கழியுங்கள். 12 புள்ளி, 7 ரீபவுண்ட், 3 அசிஸ்ட், 2 ஸ்டீல், வாங்கிய ஃபவுல் 4 என்றால் 28. தவறிய ஷாட் 6, ஃப்ரீ த்ரோ 1, இழந்த பந்து 3, செய்த ஃபவுல் 2 என்றால் 12. மதிப்பு 16. இரண்டு கல்லூரி மாணவிகள் உட்கார்ந்தால் போதும்: ஒருவர் பார்த்துச் சொல்ல, ஒருவர் எழுத. 20 புள்ளி எடுக்க 25 ஷாட் வீணாக்கியவர் இந்தக் கணக்கில் மேலே வரமாட்டார், 6 புள்ளியும் 11 ரீபவுண்டும் எடுத்தவர் வருவார். நம் பெண்களுக்கு இது சொல்லிக்கொடுப்பது அதிகம்.

மழையும் நின்றுபோன சீசனும்

நடுவில் மழை வந்தால் 30 நிமிடம் காத்திருங்கள். தரை காயாவிட்டால் ஆட்டம் நிறுத்தம்; மீதியை வேறொரு நாள், அதே நிமிடம், அதே ஸ்கோர், அதே ஃபவுல் கணக்கிலிருந்து தொடருங்கள். இதைச் சீசன் தொடங்கும் முன்பே எழுதி 6 அணியிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

முழுச் சீசனே நின்றுபோனால் என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள். ஸ்பெயினில் 2019-20 சீசன் கொரோனாவால் பாதியில் நின்றது. சாம்பியன் பட்டம் யாருக்கும் தரவில்லை, யாரையும் கீழே இறக்கவும் இல்லை. மேலே வந்த அணிகளும் சேர்ந்து அடுத்த சீசனில்தான் 14 அணி 16 ஆனது. நமக்குக் கொரோனா வேண்டாம், 2018 நவம்பரில் வந்த கஜா புயல் மாதிரி ஒன்று போதும். 5 சுற்றாவது முழுதாக முடிந்திருந்தால் ஐந்தாம் சுற்று முடிவின் அட்டவணையே இறுதி, அதற்குக் குறைவென்றால் அந்த வருஷம் சாம்பியன் இல்லை. இப்படி ஒரு வரி போதும்.

பிப்ரவரி இரண்டாம் வாரம் அரையிறுதி: முதலிடம் நான்காமிடத்தோடு, இரண்டாமிடம் மூன்றாமிடத்தோடு, ஒரே ஆட்டம், மேலே இருக்கும் அணியின் ஊரில். செய்முறைத் தேர்வு உள்ளவர்களின் தேதியைக் கேட்டுக்கொண்டு சனியா ஞாயிறா என்று முடிவு செய்யுங்கள். இறுதியாட்டம் அடுத்த வாரம், அதுவும் அட்டவணையில் மேலே நின்ற அணியின் ஊரிலேயே. விருந்தினர் வசதிக்காக அதை வேறு ஊருக்கு மாற்றச் சொல்லி யார் கேட்டாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பத்து சுற்று ஆடிச் சம்பாதித்த உரிமை அது.